வீட்டில் யாரும் இல்லை

இல்லைங்க, பைய மேல வெக்க முடியாது. கோச்சுக்காதீங்க. மடியிலயே இருக்கட்டும், குலுங்கக் கூடாத சாமான். இந்தாங்க, பாருங்க, வெள்ளை டப்பா ஒண்ணு, அதுல இருந்து மூணு ஒயர் வெளிய வந்திருக்கு. அவ்வளவுதான். ஒயரு நான் ஈயம் வெச்சு ஒட்டினது. நீங்க கால நல்லா நீட்டிக்குங்க, எனக்கொண்ணும் செரமமில்ல.

நீங்களும் கோபிதானா? நல்லதாப் போச்சு. ரெண்டு மணி நேரம் வாய மூடிட்டு உக்கார என்னால ஆகாதுங்க. ஏன் சிரிக்கறீங்க? திருப்பூர்ல இருந்து ஊர் ஊரா நின்னு போற பஸ்சுக்கு ரெண்டு மணி நேரம் வேணுமுங்க. நான் பஸ்ல வந்ததில்லதான். எப்பவும் பைக்குத்தான். கல்யாணமாகிப் பதினோரு வருசத்துல இந்த பஸ்ல அவதான் வருவா, அவதான் போவா. ஆனா ரெண்டு மணி நேரம்னு நான் சமரச மையத்துல சொல்லியிருக்கேன். எழுதியே குடுத்திருக்கேன். அதனாலதான் பன்னெண்டு மணிக்கு வரச் சொன்னதுக்குப் பத்து மணி பஸ்சப் புடிச்சேன்.

அந்தச் சமரச மையந்தானுங்க, கோபி கோர்ட்டு வளாகத்துல இருக்கறது. புருசன் பொண்டாட்டி விவகாரம் மேல ஏறறதுக்கு முன்னாடி ஒரு வக்கீலம்மா உக்கார வெச்சுப் பேசுவாங்க. இன்னைக்கு மூணாவது தடவை. இன்னைக்கு முடிஞ்சிரும். முடிஞ்சிரணும். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்குங்க? இந்த டப்பாவ மேசை மேல வெச்சாப் போதும்.

எம்பேரு நாகமாணிக்கம். நீங்க வாத்தியாருங்களா? மூஞ்சியப் பாத்தாவே தெரியுது, பொறுமையாக் கேக்கறீங்க. நான் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிசின் சர்வீசு. பனியன்ல, சுடிதார்ல பூ போடற மிசின் இருக்கில்லீங்க, ஒரே நேரத்துல இருபது ஊசி இறங்கும். அதுக்குள்ள ஒரு போர்டு இருக்கும். அந்த போர்டு செத்தா என்னத்தான் கூப்புடுவாங்க. மிசின் நின்னுச்சுன்னு போனா, ஆப்பரேட்டர் நிப்பான். என்னடா பண்ணினேன்னு கேட்டா, நான் ஒண்ணுமே பண்ணலீங்கண்ணா, தானா நின்னுருச்சும்பான். எல்லா ஆப்பரேட்டரும் அதையேதான் சொல்லுவான். எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவரு மொத நாளே சொன்னாரு, ஆப்பரேட்டர் பேச்சக் கேக்காதே, போர்டக் கேளுன்னு. போர்டுக்குள்ள எல்லாம் பதிவாயிருக்கும். எந்த நிமிசம் எந்த பட்டன அமுக்கினான், எப்ப ஊசி ஒடிஞ்சுது, எல்லாம். படிச்சுக் காட்டினா ஆப்பரேட்டர் தலையக் குனிஞ்சுக்குவான். இருபது வருசமா நான் போர்டத்தான் நம்பறேன். மனுசங்க பேச்ச நம்பி ஒரு மிசினும் ஓடினதில்ல.

வீட்டுலயும் அப்படித்தான் வெச்சிருந்தேன். நாள் முச்சூடும் நான் யூனிட் யூனிட்டா அலையறவன், அவ வீட்டுல தனியா. குழந்தை குட்டி இல்லீங்க. பக்கத்து வீதியில ஒரு களவு போச்சு, அதுக்கப்புறம்தான் இந்த டப்பா வாங்கி வெச்சேன். இதுக்குப் பேரு ஹப்பு. வீட்டுல இருக்கற லைட்டு, பேனு, வாசக்கதவுப் பூட்டு, எல்லாம் இதோட பேச்சுக்குத்தான் கட்டுப்படும். இது நம்ம போனோட பேசும். நேராப் பேசாது. பெங்களூர்ல அந்தக் கம்பெனிக்கு ஒரு சர்வர் இருக்கு, அது வழியாத்தான் பேசும். கம்பெனி பேர் வேண்டாம் விடுங்க, இப்ப அது இல்லவும் இல்ல. கதவு திறந்தா பல்லடத்துல இருக்கற எனக்கு டிங்குனு சத்தம் வரும். அவ பாதுகாப்புக்குத்தானுங்க.

அவ பேரு கோகிலவாணி. வாணின்னு கூப்புடுவேன். நல்ல பொண்ணு. நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே ஒரு பழக்கம். தினமும் பத்தே முக்கால், பதினோரு மணி வாக்குல வாசக்கதவத் திறப்பா. அஞ்சு நிமிசம் கழிச்சு மூடுவா. எதுக்குன்னு கேட்டா ஒரு நாள் காத்துக்குன்னா. ஒரு நாள் பூக்காரம்மா வந்துச்சுன்னா. ஒரு நாள், "சும்மா திறந்து பாத்தனுங்க, திறக்குதான்னு" அப்படின்னா. இது என்ன பேச்சு சொல்லுங்க? ஒரே பதிலா சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். என்னமோ நக்கலாப் பேசறாளேன்னு எனக்குக் கோவந்தான் வரும்.

சரி, நடந்ததச் சொல்றேன். போன வருசம் ஆவணி மாசம், வியாழக்கிழமை. காலையில நான் கெளம்பறப்பவே அவ அப்பாவுக்கு ஒடம்பு முடியலன்னு சொல்லிட்டு இருந்தா, ஒரு எட்டுப் போயிட்டு வரட்டுமான்னு கேட்டா. ஞாயித்துக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். அதுல ரெண்டு பேச்சு முன்ன பின்ன ஆயிருச்சு. எந்த வீட்டுல இல்ல? அன்னைக்குன்னு பாத்து பதினோரு மணிக்கு அந்தக் கம்பெனிக்காரன் சர்வர நிறுத்திட்டான். கம்பெனி திவாலு. ரெண்டு மாசம் முன்னாடி இருந்தே மெயில் அனுப்பியிருக்கான், மூணு மெயிலு. இங்கிலீசு மெயில யாருங்க படிக்கறா? கதவு பூட்டினபடி நின்னுருச்சு, வீட்டுக்கு வேற வாசலும் இல்ல. அவ உள்ள. பதினொன்னரைக்கு கோபியில இருந்து அவ அண்ணன் போன் பண்ணியிருக்காரு, அப்பாவுக்கு இழுத்துட்டு இருக்கு, உடனே கெளம்பி வா அம்மிணின்னு.

எனக்குப் போன் பண்ணினா. பண்ணலன்னு சொல்லல. நான் எடுக்கலீங்க. பல்லடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு யூனிட்டுல மிசினக் கழட்டிப் போட்டிருக்கேன், கையெல்லாம் கிரீசு. அதுவுமில்லாம காலையில பேசின பேச்சுக்குத் தொடர்ச்சியா இருக்கும்னு நினைச்சேன். பன்னெண்டரைக்குத்தான் மெசேஜப் பாத்தேன். "அப்பாவுக்கு முடியல. கதவத் திறங்க." பாத்த ஒடனே போன்ல திற பட்டன அமுக்கினேன். சுத்திட்டே இருக்கு, சுத்திட்டே இருக்கு. சர்வர் இல்லைங்குது. ஒடனே பைக்க எடுத்துட்டேன். நான் திறக்கத்தானுங்க பாத்தேன், அத யாரும் சொல்றதில்ல.

சாவியா? சாவி இருந்துச்சு. பூட்டோட ரெண்டு சாவி குடுத்தான். ரெண்டும் என் கொத்துலதான் இருந்துச்சு. அவ தொலைச்சுருவான்னு.

எதிர் வீட்டு ருக்மணியக்கா, இன்னும் நாலு பேரு, வாசல்ல கூடிட்டாங்க. வழியில அந்தக்காதான் போன் பண்ணுச்சு. "தம்பி, கடப்பாறை எடுத்தாந்துட்டாங்க, ஒடச்சரட்டுமா, புள்ள உள்ள அழுதுட்டு இருக்குது"ன்னு. நான் சொன்னேன், அக்கா, ஒடைக்காதீங்க, அது தேக்குக் கதவு, எங்கப்பா காலத்துது, இதோ அரை மணி நேரத்துல வந்துர்றேன்னு. அவிநாசிப்பாளையத்துக்கிட்ட ஒரு லாரி கவுந்து ரோட்ட மறிச்சிருந்துச்சு. அது என் தப்பா? வீடு வந்து சேர ரெண்டே முக்காலுக்கு மேல ஆயிருச்சு. அவ அப்பா ஒண்ணு இருபதுக்கே போயிட்டாரு.

எங்க பக்கத்துல ஒரு வழக்கம் உண்டு. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். உசிரு பிரியற நேரம் பெத்த புள்ளைங்க வாயில பால் ஊத்தணும். ஒரே மக. அந்த மனுசன் அவ வருவா வருவான்னு கண்ண வாசல்லயே வெச்சிருந்தாராம். அவ அண்ணன் தண்டபாணி, அவரு ஒரு மாதிரி ஆளு, டம்ளர்ல பால ஊத்தி அவளுக்குன்னு வெச்சிட்டு, வேற யாரையும் தொடவே விடல. வாணி வந்துருவா, வந்துருவான்னு. நாங்க போய்ச் சேர்றப்ப நாலரை. அந்த டம்ளர் அங்கயே சன்னல் மேல இருந்துச்சு. பால் திரிஞ்சு போச்சு. அவ அதக் கையில எடுத்தா, உள்ள பாத்தா, அப்படியே வெச்சுட்டா. அழுகல. அதுல இருந்து எங்கூட வரவும் இல்ல.

காரியம் முடிஞ்சு கூப்பிடப் போனப்ப ஒண்ணே ஒண்ணு சொன்னா. வக்கீலம்மா முன்னாடியும் ரெண்டு தடவை அதையேதான் சொன்னா. "அவருதான் பூட்டினாரு. நான்தான் பூட்டினேன்னு அவரு வாயால சொல்லட்டும். வேற ஒண்ணும் வேண்டாம். நான் வந்துர்றேன்." இவ்வளவுதான். அந்தம்மா என்னப் பாக்கறாங்க. பூட்டாதத எப்படிங்க பூட்டினேன்னு சொல்றது? சர்வர் நின்னப்ப அதுவாப் பூட்டிக்கிச்சுன்னு சொன்னேன். கதவு திறந்திருந்தாலும் பஸ்சுக்கு ரெண்டு மணி நேரம், உசிரோட பாத்திருக்க முடியாதுன்னும் எழுதிக் குடுத்தேன். தண்டபாணி, "மாப்ளைக்குத் தான் புடிச்ச முயலுக்கு மூணு காலு"ன்னாரு. எனக்கு ரோசம் வந்துருச்சு. இருங்க, போர்டக் கேட்டுக் காட்டறேன்னு அங்கயே சபதம் போட்டுட்டு வந்தேன். ஏன்னா போன்ல இருந்த அந்த ஆப்பு செத்துப்போச்சு, கம்பெனி செத்துப்போச்சு, ஆனா இந்த டப்பாவுக்குள்ள எல்லாம் பதிவாயிருக்கும். அது மட்டும் எனக்கு நிச்சயம்.

ஏழு மாசமுங்க. ஏழு மாசத்து ஞாயித்துக்கிழமை அத்தனையும் இதுக்கே போச்சு.

அடியில நாலு ரப்பர் கால் இருக்கு பாருங்க, அதப் பிச்சா நாலு திருகாணி. கழட்டினா உள்ள பச்சை போர்டு. இது டப்பா இல்லைங்க, முழுக் கம்ப்யூட்டரு. லினக்ஸுன்னு ஒண்ணு உள்ள ஓடுது. ஆனா ஸ்க்ரீனும் இல்ல, கீபோர்டும் இல்ல, யாரும் உள்ள வரக்கூடாதுன்னு மூடி வெச்சிருக்கான். எந்தக் கம்பெனிக்காரனும் போர்டு செய்யறப்ப தான் சோதிச்சுப் பாக்க ஒரு பொடக்காலி வழி, கொல்லைப்பக்க வாசல் மாதிரி, வெச்சிருப்பான். அப்புறம் அடைக்கச் சோம்பப்பட்டு விட்டுருவான். வரிசையா நாலு சின்ன ஓட்டை. நான் பாத்ததுமே கண்டுபுடிச்சுட்டேன். அதுல மூணுல ஒயர் ஒட்டி, லேப்டாப்புல சொருகினேன். மொதல்ல குப்பை குப்பையா எழுத்து வந்துச்சு. வேகத்த மாத்தி மாத்திப் போட்டதுல ஒரு நாள் எழுத்து தெளிஞ்சுது. டப்பா எந்திரிக்கறப்ப தனக்குத் தானே பேசிக்கறது அத்தனையும் வரி வரியா ஓடுது. கேட்டுட்டே இருக்கலாம். ஆனா நாம பேசினா கேக்க மாட்டேங்குது. பாஸ்வேர்டு கேக்குது.

இது என்ன ஊரு? குன்னத்தூரா? அதுக்குள்ளயா? இல்ல, டிரைவர் கொஞ்சம் வெரசலா ஓட்டறாப்பல இருக்கு.

பாஸ்வேர்டு தெரிஞ்சவன் எந்த ஊர்ல வேற வேலை தேடிட்டு இருக்கானோ. அப்ப என்ன பண்றது? அது எந்திரிக்கற நேரத்துல, நினைவு வெச்சிருக்கற சில்லு ஒண்ணு இருக்கு, அதுல ரெண்டு கம்பிக் காலச் சேத்து ஒரு நொடி தொட்டோம்னா, டப்பாவுக்குத் தலை சுத்திரும். படிக்க வேண்டியது படிக்க முடியாம, பாதியில நின்னு, என்ன பண்ணட்டும்னு நம்மளக் கேக்கும். அந்தத் தொடற நேரம் தப்பினா சில்லு போயிரும். அதனால இதே மாதிரி பழைய டப்பா ரெண்டு தேடி வாங்கிப் பழகினேன். ரெண்டும் போச்சு. எதால தொட்டேன்னு நினைக்கறீங்க? எம்பிராய்டரி ஊசி. என் தொழில் ஊசி. ஸ்க்ரூ டிரைவர் மொனை தடிப்பு, அதுக்குப் போகாது. மூணாவதா இத எடுத்து வெச்சு, மூச்சப் புடிச்சுட்டுத் தொட்டேன். நின்னுச்சுங்க. பாஸ்வேர்டு கேக்காம நேரா உள்ள போன்னு ஒரு வரி அடிச்சேன். போயிருச்சு. ஸ்க்ரீன்ல ஒரே ஒரு குறி வந்து நின்னுச்சு. ரெண்டு குறுக்குக் கோடு, ரெண்டு நெடுக்குக் கோடு. அந்தக் குறி வந்துட்டா நீதான் அதுக்கு முதலாளி. எத வேணா படிக்கலாம், எத வேணா அழிக்கலாம். நான் வாய்விட்டு "வாணி"ன்னு கூப்புட்டுட்டேன். அப்புறந்தான் வீட்டுல யாரும் இல்லைன்னு ஞாபகம் வந்துச்சு.

அந்த நாளப் புடிச்சேன். அங்க ஒரு வரி. மணி அஞ்சு இருபத்திரெண்டு, பூட்டப்பட்டது, ஆளு நம்பர் ஒண்ணு. அஞ்சு இருபத்திரெண்டு! விடிகாலை அஞ்சு இருபத்திரெண்டுக்கு நான் தூங்கிட்டு இருந்தேன், அவளே சாட்சி. அப்ப நான் இல்ல. ஆளு நம்பர் ஒண்ணு யாரு? கம்பெனிக்காரனாத்தான இருக்கணும்? அவன்தான மொதல், வாங்கின நான் ரெண்டாவதுதான? ஒடனே தண்டபாணிக்குப் போன போட்டேன். மச்சான், போர்டு சொல்லிருச்சு, கம்பெனிக்காரன் விடியாலயே பூட்டியிருக்கான், நான் நிரபராதின்னு கத்தினேன். அவரு, இருங்க மாப்ளைன்னாரு. அப்புறம் உள்ள போய் அவகிட்டக் கேட்டுட்டு வந்து, "சரி, கொண்டு வரட்டும், பாக்கறேங்கறா"ன்னாரு. பாக்கறேன்னு சொன்னா, வாத்தியாரே. ஒரு வருசத்துல அவ எனக்குச் சொல்லி அனுப்பின மொத வார்த்தை. அன்னைக்கு வீட்ட நானே கூட்டினேன். தலகாணிக்கு உறை மாத்தினேன்.

ரெண்டு நாள் சந்தோசமா இருந்தேன்.

மூணாம் நாள் காகிதத்துல எடுக்கலாம்னு அந்த நாள முழுசாப் படிச்சேன். கடைசியில ஒரு வரி இருந்துச்சு. சாவியால் திறக்கப்பட்டதுன்னு. மணி ஒம்போது இருபத்தொண்ணு. சாவி போட்டுத் திறந்தது நான். இந்தக் கையால. ரெண்டு அம்பத்தொண்ணு அப்ப, எனக்கு மறக்குமா? அப்ப இது எப்படி ஒம்போது இருபத்தொண்ணாச்சு? அப்பத்தான் புரிஞ்சுது. டப்பாவுக்குள்ள ஓடறது நம்ம ஊர் மணி இல்லைங்க. லண்டன் மணி. நம்ம மணிக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி. எனக்குத் தெரிஞ்ச விசயந்தான், மிசின் போர்டுலயும் அப்படித்தான் வரும், எத்தனையோ தடவை கூட்டிப் பாத்திருக்கேன். இதுல மட்டும் கூட்டத் தோணல. அஞ்சு இருபத்திரெண்டோட அஞ்சரை கூட்டுங்க. நீங்க கணக்கு வாத்தியாரா? பத்து அம்பத்திரெண்டு.

அதுக்குக் கொஞ்சம் முன்னாடி அவ கதவத் திறந்து மூடியிருக்கா. எனக்கு டிங்குனு வந்திருக்கு. காலையில போகாதேன்னு சொல்லியும் திறக்கறாளேன்னு போன்ல பூட்டற பட்டன நான் அமுக்கியிருக்கேன் போல. ஆளு நம்பர் ஒண்ணு என் போனுதான். அவ போன அதுல சேக்கவே இல்ல, ஒரே ஒரு ஆளுதான். சத்தியமா எனக்கு ஞாபகமில்லைங்க. தினமும் செய்யற வேலை யாருக்கு ஞாபகம் இருக்கும்? காலையில எந்தக் காலுல மொதல்ல செருப்புப் போட்டீங்கன்னு கேட்டா சொல்லுவீங்களா?

தினமும்னா, தினமும் இல்ல. ஒரு அஞ்சாறு தடவை இருக்கும்னு நினைச்சேன். பழைய பதிவ எண்ணிப் பாத்தேன், நாப்பத்தோரு நாளுங்குது. அது சும்மா பூட்டு இல்லைங்க, அதுக்கு ஒரு மோடு இருக்கு. எல்லாரும் ஊருக்குப் போறப்பப் போடறது. அதப் போட்டா உள்பக்கம் இருக்கற பட்டனும் வேலை செய்யாது, உள்ள யாரும் இல்லைன்னு அது நினைச்சுக்கும். மொத நாள் மட்டும் அவ உள்பட்டன ரெண்டு தடவை அமுக்கியிருக்கா. அதுக்கப்புறம் வந்த நாள்ல ஒரு தடவையும் இல்ல. பழகிட்டா போல. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்ல. கேட்டிருந்தா திறந்துதான விட்டிருப்பேன்?

கெணறு வெட்டப் போயி பூதம் கெளம்பினாப்பல ஆயிருச்சு. தண்டபாணிகிட்ட என்னன்னு சொல்றது? நாளும் குறிச்சாச்சு, அவளும் வர்றேன்னுட்டா. நான் ஒண்ணுமே அழிக்கலைங்க. அத நீங்க நம்பணும். அந்தக் குறி வந்த பின்னாடி ஒரு வரிய அழிக்கறது எனக்கு ஒரு நிமிச வேலை. அழிக்கல. தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்குதில்ல? டப்பாவுல என்ன இருக்கோ அதத்தான் காகிதத்துல எடுத்தேன். படிக்க வசதியா எழுத்தக் கொஞ்சம் பெருசாக்கினேன். அப்ப மொதத் தாளோட கடைசி வரியா அந்த அஞ்சு இருபத்திரெண்டு வந்து நின்னுச்சு. மிச்சமெல்லாம் ரெண்டாந்தாளுக்குப் போயிருச்சு. மொதத் தாளக் காட்டப் போறேன். போர்டு அஞ்சு இருபத்திரெண்டுன்னுதான சொல்லுது? நான் ஒண்ணும் மாத்திச் சொல்லலையே. லண்டன் மணியா, நம்ம மணியான்னு அந்தம்மா கேட்டாச் சொல்லுவேன். கேக்காட்டி?

இந்தாங்க, இதுதான் ரெண்டாந்தாளு. சட்டைப் பையில வெச்சதுல வேர்த்து நனைஞ்சிருக்கு. பாருங்க, உங்களுக்கு இங்கிலீசு தெரியுமில்ல. மேல மொத வரி, பூட்டின ஒடனே அதுவா எழுதிக்கிட்டது. "வீட்டில் யாரும் இல்லை." அடுத்த வரி, ஆறு மணி நாலு நிமிசம், அதாவது நம்ம பதினொன்னு முப்பத்திநாலு. "உள்பட்டன் அமுக்கப்பட்டது. மறுக்கப்பட்டது." அதுக்கடுத்ததும் அதேதான். அடுத்ததும் அதேதான். கீழ வரைக்கும், பின்பக்கத்துலயும் அதேதான். எண்ணாதீங்க, நான் எண்ணிட்டேன், அறுவத்திமூணு. மொத அரை மணி நேரத்துல நாப்பது. அப்புறம் அஞ்சு நிமிசத்துக்கு ஒண்ணு, பத்து நிமிசத்துக்கு ஒண்ணு. ஒண்ணு இருபத்தஞ்சோட நின்னுருது. சேதி வந்திருக்கும். நல்ல பட்டனுங்க அது. ஒரு தடவைகூடப் பதியாம விட்டதில்ல.

ஒரு நாள் ஆப்பரேட்டர் ஒருத்தன்கிட்ட இப்படித்தான் காகிதத்த நீட்டினேன். படிச்சுட்டு, இப்ப என்னங்கண்ணா சொல்லணும்னு கேட்டான். உண்மையச் சொல்லுடா, சொன்னா முடிஞ்சுதுன்னேன். சொன்னான். வேலையில இருந்து யாரும் அவன எடுக்கல.

அது ஏன் இப்ப ஞாபகம் வருதுன்னு தெரியல. வேண்டாம், அந்தத் தாளத் திருப்பித் தராதீங்க. நீங்களே வெச்சுக்குங்க. எறங்கின எடத்துல கிழிச்சுப் போட்டுருங்க. என் கையால எப்படிங்க கிழிக்கறது? போர்டு சொன்னது.

என்ன கேக்கறீங்க? கடைசிக்கு முந்தின வரியா? ஆமா, ஒண்ணு இருபத்தஞ்சுல நின்னது, ஒரே ஒரு தடவை ரெண்டு அம்பத்தொண்ணுக்கு வருது. சாவி போட்ட அதே நிமிசம். நல்லாப் பாத்திருக்கீங்க. அது வந்துங்க, நான் படியேறி, ருக்மணியக்காவ வெலகச் சொல்லிட்டு, சாவியப் போட்டுத் திருப்பறேன், உள்ள இருந்து டக்குனு ஒரு சத்தம். கதவு திறந்தப்ப அவ நேரா நின்னுட்டு இருந்தா. வெரலு அந்தப் பட்டன் மேலயே இருந்துச்சு. என்னப் பாத்தா. எடுக்கல. நான்தான் சொன்னேன், "அதான் நான் திறந்துட்டேன்ல, இன்னும் எதுக்கு அமுக்கிட்டு இருக்கற"ன்னு. வேற என்ன சொல்லணும்னு அப்பத் தோணலீங்க. இப்பவும் தோணல.

அது யாரு, கண்டக்டரா கத்தறது? கோபியா? கோபி பஸ் ஸ்டாண்டா? இருக்காதுங்க. அதுக்குள்ள எப்படி? மணி என்ன ஆச்சு உங்க வாட்சுல?

பதினொன்னே காலா.

பத்துக்குத்தான எடுத்தான்? ஒண்ணே கால் மணி நேரமா? பதினொன்னு முப்பத்திநாலுக்குக் கதவு திறந்திருந்தா, ஒண்ணே கால் கூட்டினா, பன்னெண்டு... இல்லைங்க. கூட்டாதீங்க. இன்னைக்கு ரோடு காலியா இருந்துச்சு. அன்னைக்கு முகூர்த்த நாளு, கூட்டமா இருந்திருக்கும். ரெண்டு மணி நேரம் கண்டிப்பா ஆயிருக்கும். நான் எழுதியே குடுத்திருக்கேன்.

நீங்க எறங்குங்க. எல்லாரும் எறங்கட்டும். நான் கடைசியா எறங்கறேன், டப்பா குலுங்கக் கூடாது.